சிரா என்று எழுதாத போத்தல்கள்

போன கிழமை பலேர்மோவில் ஒரேத்தோ வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது உங்களில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். "அன்ரி, திங்கக்கிழமை கந்தீனாவில சேரப்போறன். என்ன தெரிஞ்சிருக்க வேணும்?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். பஸ் பிந்தி வந்திருந்தாலும் நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இருக்கவில்லை. ஆகவே அவளுக்கும், இந்த அறுவடைக்கு அவளோடு சேர்கிற மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

பம்பை எப்படிப் பூட்டுவது, வைன் தாங்கியை எப்படிக் கழுவுவது என்பதையெல்லாம் அங்கே காட்டித் தருவார்கள். நாலு நாளில் கைக்கு வந்துவிடும். நான் சொல்லப்போவது கந்தீனா என்கிற அந்த வைன் ஆலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்ற இரண்டு நாள்களைப் பற்றி. ஒன்றில் பிழையாக முடிவெடுத்தேன். மற்றதில் சரியாக எடுத்தேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே இத்தாலியில் பேசப்பட்டதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு எனக்கு அது அப்படித்தான் காதில் கேட்கிறது.

நான் மன்னார்க்காரி. எங்கள் வீட்டில் கருவாடு போட்டோம். மீன் கெடத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்க முன்னரே மூக்கால் பிடித்துவிடுவேன். இத்தாலியின் தெற்குத் தீவிலுள்ள பலேர்மோவுக்கு வந்து ஒரு சின்யோராவின், அதாவது எசமானி அம்மா ஒருவரின், வீட்டில் ஆறு வருடம் துடைத்து, தோய்த்து, சமைத்தேன். அந்த மூக்குக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

சின்யோராவின் தம்பிக்கு மொன்ரேயாலேயைத் தாண்டி மலைப்பக்கத்தில் திராட்சைத் தோட்டமும் ஒரு பழைய கந்தீனாவும் இருந்தன. அறுவடைக்காரருக்குச் சமைக்க ஆள் வேண்டுமென்று இரண்டு கிழமைக்குச் சின்யோரா என்னை அனுப்பினார். மூன்றாம் நாள் பழம் தெரிவு செய்கிற மேசையில் ஒருத்தி வரவில்லை. என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பூஞ்சணம் பிடித்த குலை மேலே அழகாகத்தான் இருக்கும். நான் பார்க்காமல் மணத்தாலேயே அதை எடுத்து வெளியே போடுவதை ஒருவர் கவனித்துக்கொண்டு நின்றார். அவர்தான் அங்கே வைன் செய்யும் பொறுப்பில் இருந்தவர். வட இத்தாலியிலிருந்து வந்த, என்னைவிட ஒன்பது வயது குறைந்த பெண். படித்தவர் என்பதால் எல்லோரும் தொத்தோரெஸ்ஸா என்றுதான் அழைப்போம். பெயரை எழுதினால் கோபிப்பார், விடுகிறேன்.

"எப்பிடிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"மீன் மாதிரித்தான்" என்றேன். எனக்கு அப்போது அதற்கு மேல் இத்தாலி தெரியாது. அவர் சிரித்தார். அறுவடை முடிந்தபோது என்னைச் சின்யோராவிடம் திருப்பி அனுப்பவில்லை.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கதை பரவியது. ஞாயிறு பூசை முடிந்து வாசலில் ஒரு அக்கா கேட்டார்: "உமக்கு வீட்டு வேலை கிடைக்கேல்லையோ? குடிவகை செய்யிற இடத்துக்குப் போறீராம்." மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என் கணவர்தான் பதில் சொன்னார். "இப்ப உள்ளை சுவாமியார் கையில வைச்சிருந்தது என்ன அக்கா? அதைத்தான் இவ செய்யிறா."

அந்த நாள்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது விடியற்காலையில் வேலைக்கு வான் வண்டியில் போகிற பயணம். மொன்ரேயாலே ஏற்றத்தில் வான் திரும்பும்போது முழுப் பலேர்மோவும் கடலும் கீழே கிடக்கும். துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வந்து நிற்பது தெரியும். அதற்குப் பிறகு மலை, கோதுமை அரிந்த வெறும் நிலம், பிறகு கொடிகள். கந்தீனா வருவதற்கு முன்னரே புளித்த திராட்சை மணம் வானுக்குள் வந்துவிடும். இன்றைக்கும் எங்காவது பழம் அழுகிய மணம் வந்தால் எனக்கு அந்த வானில் இருப்பதுபோல் இருக்கும்.

அப்போது எங்கள் வைனுக்குப் பெயர் இல்லை. பவுசர் என்கிற தாங்கி லொறி வந்து உறிஞ்சிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும். வடக்கே யாரோ தங்கள் வைனுக்கு நிறமும் வலுவும் ஏற்ற அதைக் கலப்பார்கள். அந்த மலைப்பக்கத்து ஆலைகள் எல்லாம் அப்படித்தான். பிறகு ஒவ்வொருவராகச் சிரா கொடியை நட்டார்கள். பிரான்சிலிருந்து வந்த கறுப்புத் திராட்சை. எங்கள் வெயிலும் களிமண்ணும் அதற்குப் பிடித்துவிட்டன. எங்கள் முதலாளி, சின்யோராவின் தம்பி, ஒரு சரிவில் மட்டும் நட்டிருந்தார். அதன் வைனை மூக்கில் வைத்தால் மிளகு இடித்த உரலைக் கிட்டக் கொண்டுவந்ததுபோல் இருக்கும். தொத்தோரெஸ்ஸா இரண்டு வருடம் அவரோடு சண்டைபிடித்து, "இதைப் பவுசரில ஏத்தக் கூடாது. போத்தலில போட்டுச் சிரா எண்டு எழுதவேணும்" என்று சம்மதிக்கவைத்தார்.

என்னுடைய பிழை அந்த வருடம்தான் நடந்தது.

சிரா இரண்டு தாங்கிகளில் இருந்தது, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. போத்தலில் அடைக்க முன் சிறியதைப் பெரியதோடு சேர்க்கவேண்டும். சிறிய தாங்கிக்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு தாங்கி. அதில் இருந்தது நேரோ தாவோலா. இந்தத் தீவின் சொந்தத் திராட்சையில் செய்த வைன், மத்தியானம் பவுசரில் போகவேண்டியது. தொத்தோரெஸ்ஸா புதிய லேபல்களை எடுத்துவரப் பலேர்மோவுக்குப் போயிருந்தார். வேலையை என்னிடம் தந்துவிட்டுத்தான் போனார்.

குழாயைப் பூட்டும்போது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. காய்ச்சலாம், வந்து கூட்டிப்போகட்டுமாம். கணவரைப் போனில் பிடித்து அனுப்பினேன். தலை அங்கேயும் கை இங்கேயுமாகப் பம்பைப் போட்டேன். எல்லாம் ஓடி முடிந்து குழாயைக் கழற்றியபோது அதன் வாயிலிருந்து ஒரு சொட்டு என் புறங்கையில் விழுந்தது. முகர்ந்தேன். மிளகு இல்லை.

பக்கத்துத் தாங்கியைத் தட்டிப் பார்த்தேன். வெறும் தாங்கியின் சத்தம் வந்தது. நேரோ தாவோலா முழுவதும் பெரிய தாங்கிச் சிராவுக்குள் போயிருந்தது. சிறிய தாங்கிச் சிரா தொடாமல் அப்படியே நின்றது.

அப்போது காலை பதினொரு மணி. அங்கே என்னோடு வேலைசெய்த தோத்தோ என் முகத்தைப் பார்த்து ஓடி வந்தான். அந்த ஊர்க்காரன், பெரிய உடம்பு, பெரிய மனசு. என் மீன் குழம்பைப் பாணில் தொட்டுத் தின்றுவிட்டு வியர்த்து வழிய இன்னும் கேட்பான். நான் சொன்னதும் அவன் சுற்றிவரப் பார்த்தான்.

"கத்தாதை. ரெண்டும் கறுப்புத்தானே? ஆருக்குத் தெரியப்போகுது?"

"தொத்தோரெஸ்ஸாவுக்குத் தெரியும்."

"அவ குடிச்சுப் பாக்கேக்குள்ளை பாப்பம். உனக்கு இந்த மாசம் பெர்மெஸ்ஸோ எல்லே? முதலாளியின்ரை கடிதம் இல்லாமல் குவெஸ்தூராவில என்ன செய்வாய்?"

அவன் சொன்னது உண்மை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், புதுப்பிக்க அந்தக் கடிதம் வேண்டும். கையில் எடுத்த தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். மத்தியானம் பவுசர் வந்தது. நேரோ தாவோலா இருந்த தாங்கி வெறுமை. ஏற்ற ஒன்றுமில்லை என்றால் அந்த இடத்திலேயே எல்லாம் வெளியாகிவிடும். தோத்தோ என்னைக் கேட்காமலேயே பவுசரின் குழாயைச் சிறிய சிராவில் பூட்டினான். எனக்காகத்தான் செய்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரா பவுசருக்குள் போய், மலை இறங்கி, துறைமுகத்துக்குப் போனது. இரண்டு எட்டு வைத்துக் கையை உயர்த்தியிருந்தால் நிறுத்தியிருக்கலாம். உயர்த்தவில்லை.

நாலு மணிக்குத் தொத்தோரெஸ்ஸா வந்தார். காரிலிருந்து இறங்க முன்னரே ஒரு லேபலைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டி ஆட்டினார். மங்கிய வெள்ளைத் தாளில் கறுப்பில் சிரா என்று. "தொட்டுப் பாருங்கோ, எழுத்து மேலாலை தடவுப்படுது" என்று என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"தொத்தோரெஸ்ஸா, நான் பிழையான தாங்கியைத் திறந்திட்டன்."

அவர் நேரே உள்ளே போனார். கிளாஸில் எடுத்து முகர்ந்தார், வாயில் வைத்தார், துப்பினார். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"எப்ப தெரியும்?"

"பதினொரு மணிக்கு."

"சின்னத் தாங்கியில இருக்கிறது?"

நான் அழத் தொடங்கினேன். அவர் எழும்பிப் போய்ச் சிறிய தாங்கியைத் தட்டினார். சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மாறியதை நான் மறக்கவில்லை.

"பிழை விட்டது காரியமில்லை. கை மாறுறது எல்லாருக்கும் வரும். நான்கூட விட்டிருக்கிறன். பதினொரு மணிக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் அந்தச் சின்னத் தாங்கியாவது எங்களுக்கு மிஞ்சியிருக்கும். கொஞ்சப் போத்தல் எண்டாலும் இந்த லேபலை ஒட்டியிருப்பன்."

முதலாளி வந்து கத்தினார். கத்திய பிறகு தோத்தோ சொன்னதையே அவரும் சொன்னார். "ரெண்டும் கறுப்பு. ஒட்டுங்கோ லேபலை. ஆருக்குத் தெரியும்?"

தொத்தோரெஸ்ஸா என் பக்கம் கை காட்டினார். "எனக்குத் தெரியும். இவவுக்குத் தெரியும். ஒட்டேலாது."

அந்த வருடம் போத்தல்கள் சிவப்பு வைன் என்று மட்டும் எழுதிய வெறும் தாளோடு போயின. லேபல் பெட்டிகள் அலுமாரிக்கு மேல் கிடந்தன. பொய் சொல்லக் கூடாது, அந்தக் கலவை நல்ல வைன். குடித்தவர்கள் புகழ்ந்தார்கள். அவர்கள் புகழும்போதெல்லாம் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன்.

அந்தப் பிழையோடு என் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தொத்தோரெஸ்ஸா முதலாளியின் கையெழுத்தோடு அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். எப்படி வாங்கினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இனிமேல் வால்வைத் திறக்க முதல் உள்ளை என்ன இருக்கெண்டு சத்தமாச் சொல்லுங்கோ. ஒருத்தரும் பக்கத்தில இல்லாட்டியும் சொல்லுங்கோ" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ அறுவடை கண்டேன். ஒரு தாங்கியையும் வாய் திறக்காமல் திறந்ததில்லை. புதிதாக வந்தவர்கள் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் லேபல் ஒட்டினோம். பிறகு அந்த மலைப்பக்கம் மாறத் தொடங்கியது. துருப்பிடித்த தாங்கிகள் போய் உருக்குத் தாங்கிகள் வந்தன. பக்கத்து ஆலைகளும் சிரா என்று எழுதின. சனிக்கிழமைகளில் வெளியூர்க் கார்கள் வந்து நின்றன. துறைமுகத்துக்குப் பவுசர் போன பாதையில் போத்தல் பெட்டிகள் அடுக்கிய லொறிகள் போயின. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் கோயில் வாசலில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அக்காவே தன் மருமகளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டு வந்தார். தொத்தோரெஸ்ஸா வடக்குக்குத் திரும்பிப் போனார். போகும்போது தாங்கிகளின் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது சம்பவம் அதற்குப் பிறகு நடந்தது. அந்த வருடம் மொரிசியஸ்காரர் இருவர் எங்களோடு இருந்தார்கள். மூர்த்தியும் அவன் மனைவி தேவியும். பெயர்தான் தமிழ். வீட்டில் கிரியோல் பேசுவார்கள், எங்களோடு இத்தாலி. தேவி பழம் தெரிவு செய்யும் மேசையில். மூர்த்தி தாங்கியில். வேலையில் நெருப்பு, எதற்கும் பொறுமை இல்லை.

நொதித்து முடிந்த தாங்கியிலிருந்து வைனை வடித்த பிறகு தோல்கள் அடியில் குவிந்து கிடக்கும். கீழ்க்கதவைத் திறந்து, வெளியே நின்றபடி நீளக் கைப்பிடி வாரியால் இழுத்து எடுக்கவேண்டும். உள்ளே போகக் கூடாது. நொதிக்கும்போது வருகிற வாயு கண்ணுக்குத் தெரியாது. பாரமானது, அடியில் தங்கி நிற்கும். இரண்டு மூச்சில் ஆளை விழுத்தும். விசிறியால் காற்று அடித்து, வாயு அளக்கும் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் தலையை நீட்டலாம். மூர்த்திக்கும் இதெல்லாம் தெரியும்.

அன்று ஆபிரிக்கப் பக்கமிருந்து சூடான காற்று அடித்தது. வெளியே பழம் ஏற்றிய லொறிகள் வெயிலில் நின்றன. எல்லோருக்கும் அவசரம். பின்பக்கக் குவியல் வாரிக்கு எட்டவில்லை. மூர்த்தி விசிறிக்குக் காத்திராமல் கதவால் தவழ்ந்து உள்ளே போயிருக்கிறான்.

தோத்தோவின் கத்தல் கேட்டு ஓடினேன். கதவுக்குள் எட்டத்தில் மூர்த்தியின் சப்பாத்து தெரிந்தது, அடிப்பக்கம் எங்களைப் பார்த்தபடி. அசையவில்லை. தோத்தோ ஏற்கெனவே முழங்காலில் நின்று தலையைக் கதவுக்குள் கொடுக்கப் போனான்.

தொத்தோரெஸ்ஸா முன்னொரு நாள் எனக்குச் சொன்னது அப்போது காதில் கேட்டது என்று சொன்னால் நம்புங்கள். "முதலாவது ஆள் அவசரத்தில விழுவார். ரெண்டாவது ஆள் பாசத்தில விழுவார். ரெண்டாவது ஆளைத்தான் நீங்க நிப்பாட்டவேணும்."

தோத்தோவின் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து விழுத்தினேன். என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள் அவன். எப்படி விழுந்தான் என்று தெரியாது. கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று கத்தினேன். "ஒருத்தரும் உள்ளை போகாதேங்கோ! போகாதேங்கோ!" தமிழில் கத்தினேன் என்று பிறகுதான் சொன்னார்கள். ஆனால் எல்லோருக்கும் விளங்கியது.

அதற்குள் தேவி மேசையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். புருசனின் சப்பாத்தைக் கண்டாள். என் கைக்குக் கீழால் பாய்ந்தாள். அவளுடைய மேற்கையை ஒரு கையால் பிடித்தேன். உதறினாள், நகத்தால் கிழித்தாள், கடித்தாள். விடவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டே மற்றவர்களைப் பெயர் சொல்லி ஏவினேன். ஒருவனை அம்புலன்ஸுக்குப் போன் எடுக்கச் சொன்னேன். ஒருவனை விசிறிக் குழாயைக் கதவுக்குள் விடச் சொன்னேன். "தோத்தோ, வாரி! முகத்தை வெளியாலை திருப்பிக்கொண்டு வாரியைப் போடு!"

தோத்தோ கதவுக்குப் பக்கவாட்டில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு வாரியை உள்ளே விட்டான். முதலில் சப்பாத்து கழன்று வந்தது. தேவி போட்ட சத்தத்தை நான் எழுதமாட்டேன். இரண்டாம் தரம் வாரியின் பல் மூர்த்தியின் இடுப்புப் பட்டியில் கொழுவியது. இழுத்தான். கால் வெளியே வந்ததும் இன்னும் இரண்டு பேர் பிடித்தார்கள். மூர்த்தி நிலத்தில் கிடந்தான், முகமெல்லாம் ஊதா நிறத்தில் திராட்சைத் தோல். எவ்வளவு நேரம் எடுத்தது என்று பிறகு அதிகாரிகள் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. மூர்த்திக்கு முதல் இருமல் வந்தபோதுதான் நான் தேவியின் கையை விட்டேன்.

மூர்த்தி பிழைத்தான். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். ஆனால் என்னை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. தோத்தோ மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு மேசையில் போய் இருந்தான். கடைசியில் ஒருநாள் வந்து, "அவன் உள்ளை கிடக்கிறான், நீ கதவில நிக்கிறாய். அதைத்தான் நான் காணுறன், கண்ணை மூடினால்" என்றான். நானும் அதைத்தான் கண்டேன். சப்பாத்து கொஞ்சம் உள்ளுக்கு இருந்திருந்தால், வாரி எட்டாமல் போயிருந்தால், அப்போதும் அந்தக் கதவை மறித்துக்கொண்டு நின்றிருப்பேனா? நிற்கத்தான் வேண்டும். நின்றிருப்பேனா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. உங்களுக்கு இதை மறைக்க விரும்பவில்லை.

தேவி அறுவடை முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடி வெட்டுகிற குளிர்காலத்தில் ஒருநாள் தானாக என்னிடம் வந்தாள். சுவெற்றர் கையை மேலே சுருட்டினாள்.

"இஞ்சைதான் பிடிச்சனீங்கள். பத்து நாள் நீலமாக் கிடந்தது."

"மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"மன்னிப்புக் கேக்க வரேல்லை. எனக்கு ரெண்டு பிள்ளையள். அண்டைக்கு நீங்கள் விட்டிருந்தால் நான் போயிருப்பன்." சுவெற்றரை இழுத்து விட்டுக்கொண்டாள். "அந்தக் கருவியை எப்பிடி வைச்சுப் பாக்கிறதெண்டு எனக்குக் காட்டித் தாங்கோ."

காட்டிக் கொடுத்தேன். அவள் அதற்கான வகுப்புக்கும் போய்ச் சான்றிதழ் எடுத்தாள். இப்போது தாங்கிகளின் கீழ்க்கதவுப் பூட்டுகளின் திறப்புகள் எல்லாம் அவளிடம்தான். ஒரு கோர்வையாக இடுப்பில் தொங்கும். பழம் ஏற்றிய லொறி வெயிலில் நின்றாலும், முதலாளியே வந்து அவசரம் என்று கத்தினாலும், கருவியைப் பார்க்காமல் ஒரு கதவையும் திறக்கமாட்டாள். குரல் கொஞ்சம் கடுமை. முதல் நாள் உங்களை நன்றாக ஏசுவாள். கோபிக்காதீர்கள். அவள் சொன்ன இடத்தில் நில்லுங்கள்.